கேள்வி கேட்டவரை ஏன் உட்கார வைத்தோம்?

(கோரிமேட்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



சென்ற கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "எலக்ஷனில் நிற்காத நீங்கள் ஒரு கட்சிக்கு மாத்திரம் ஓட்டுக் கேட்பது என்ன நியாயம்?" என்றார். நம்மவர்கள் கூச்சலிட்டு அவரை உட்கார வைத்தார்கள். மேடையிலிருந்த நானும் சும்மா இருந்தேன், வெட்கமாயிருக்கிறது.

1908இல் ஆங்கிலேயர் அடக்குமுறைக்குத் தப்பி, பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகை இப்புதுச்சேரிக்குத்தான் வந்தது. அவர்கள் தங்கள் எல்லைக்குள் அதை வரவொட்டாமல் தடுக்கவே 1910இல் நின்றுபோயிற்று. சர்க்கார் வாயை அடைத்தால் அக்கிரமம், நாம் அடைத்தால் உற்சாகமோ?

பெரியார் அவர்கள் மேடையிலேயே கேள்விச் சீட்டுகளை வாங்கிப் பதில் சொன்னவர்.

ஜாதியைச் சொல்லி வைவதும், பெண்களை இழுத்துப் பேசுவதும் கேள்வியாகாது. அதைத் தலைவர் நிறுத்தத்தான் வேண்டும். நம்மவனானால் முதலில் நிறுத்த வேண்டும்.

அந்த நண்பர் இன்றும் வந்திருக்கிறார். அவர் கேட்டு முடித்த பிறகே நான் மேலே பேசுவேன்.