மதிலும் மலர்வனமும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

‘அகலக் கால் வைக்காதே’ என்பது வீடு கட்டத் தொடங்குவோர்க்குப் பெரியோர் கூறும் அறிவுரை. அவ்வாறு அகலக் கால் வைத்த கவிஞர் ஒருவரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். அவர் திருமங்கையாழ்வார். அவர் எழுப்பியது திருவரங்கத்து மதில்.

திருவரங்கத்தில் அப்போது மற்றொரு கவிஞரும் இருந்தார் என்பது குருபரம்பரை மரபு. திருமாலையும் திருப்பள்ளியெழுச்சியும் பாடிய தொண்டரடிப்பொடியாழ்வார், தம் கையால் மண் கொத்தி, நீர் வார்த்து, அரங்கனுக்கு நந்தவனம் அமைத்தார். திருமங்கையாழ்வாரின் மதில் வளர்ந்து வந்தபோது அதன் நேர்கோட்டில் அந்நந்தவனம் நின்றது. தோட்டத்தை அழித்திருந்தால் கல்லும் நாளும் மிச்சமாகியிருக்கும். ஆழ்வாரோ மதிலை ஒதுக்கிக் கட்டினார். மனம் நெகிழ்ந்த தொண்டரடிப்பொடியார் தம் தோட்டக் கருவிக்கு, திருமங்கையாழ்வாரின் பெயர்களுள் ஒன்றான ‘அருள்மாரி’ என்பதையே சூட்டினாராம். நான்காம் திருச்சுற்று இன்றும் ‘ஆலிநாடன்’ என அவ்வாழ்வாரின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

கதை இவ்வளவில் முடிந்திருப்பின் இனிது. ஆனால் பொருள் போதவில்லை. வழிப்பறியால் வந்த பொருளும், நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையை உருக்கிய பொன்னும் திருப்பணிக்கே கரைந்தன என்பர். இறுதியில் பணியாளர் கூலி கேட்டனர். கொடுக்க ஏதுமில்லை. அவர்களை ஓடத்தில் ஏற்றிக் கொள்ளிடத்தில் மூழ்கடித்ததாகவும், அவர்கள் வீடுபேறு எய்தியதாகவும் கதை செல்கிறது. இதனை வரலாறு என நான் கூற வரவில்லை. எனினும், தான் போற்றும் அடியவரின் கதையிலிருந்து இப்பகுதியை நீக்காமல் காத்த மரபின் நேர்மையை வணங்குகிறேன். வீடுபேறு கிடைத்ததென்று அம்மரபு அமைதி கொள்ளலாம். என் மனம் கொள்ளவில்லை. பூச்செடிக்காக வளைந்த மதில், தன்னைக் கட்டிய கைகளுக்காக ஏன் பாதியில் நின்றிருக்கலாகாது?

பாதியில் நிற்பது இழிவன்று என்பதற்குச் சான்றும் அதே திருவரங்கத்தில் உண்டு. தெற்கு வாயிலில் தொடங்கிய கோபுரம் நூற்றாண்டுகள் பலவாக ‘மொட்டைக் கோபுரம்’ என்னும் பெயருடன் காத்திருந்தது. அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகியசிங்கர் 1979இல் பணியை மீண்டும் தொடங்கினார். பலரும் ஈந்த நன்கொடையால் 236 அடி உயரமும் 13 நிலைகளும் கொண்ட இராசகோபுரமாக நிறைவுற்று, 1987 மார்ச் 25இல் குடமுழுக்குக் கண்டது. அத்தனை காலம் குறையாக நின்றதால் அதன் பெருமை குன்றிவிடவில்லை.

கவிஞர்களே, நாமும் கட்டுபவர்களே. நூறு பாடல் எண்ணித் தொடங்கிய காப்பியம் ஐந்நூறாக வளரும். விழா மலரும் எண்ணிய செலவைத் தாண்டும். வளரட்டும். கனவைச் சிறிதாக்கிக் கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அச்சகத்தார்க்கும், ஏடு தைப்பவர்க்கும், பந்தல் போட்டவர்க்கும் உரியதை முதலில் கொடுப்போம். எஞ்சிய பணி அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கட்டும்.

இத்திருவெறும்பூர் மலைமேல், எறும்புகள் ஏறி வழிபடுவதற்காக இறைவன் தன் திருமேனியையே சாய்த்துக் கொடுத்தான் என்பது தலபுராணம். சிற்றுயிர்க்குச் சாய்ந்த தெய்வத்தின் ஊரில் வளரும் மன்றம் இது. உழைக்கும் கைகளின் பக்கமே இதுவும் என்றென்றும் சாய்ந்து நிற்பதாகுக!