தையற்கடையில் பாடம் சொன்ன அம்மையார்

(தோட்டக் கிளையின் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்க ஜனாதிபதிகளின் பெயர்களை நாம் பத்திரிகைகளில் படிக்கிறோம். அவர்களுடைய மனைவிமாரைப் பற்றி நாம் பேசுவதில்லை. செல்வக் குடியில் பிறந்து, பட்டுடுத்தி, விருந்து நடத்தியவர்கள்தானே என்று விட்டுவிடுகிறோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டவர் அப்படிப்பட்டவர் அல்லர். அவர் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகள், தையற்காரரின் மனைவி. 17-வது ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனின் துணைவியார் எலைசா அம்மையார்தான் அவர்.

அந்தத் தையற்காரர் யார் என்பதை முதலில் சொன்னால்தான் அம்மையாரின் அருமை விளங்கும். ஆண்ட்ரூ 1808-ல் வட கரோலினாவின் ராலே நகரில் பிறந்தார். மூன்று வயதில் தந்தையை இழந்தார். தாயார் துணி வெளுத்துப் பிழைத்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பையனை ஒரு தையற்கடை முதலாளியிடம் ஒப்பந்தம் எழுதிக் கட்டிவிட்டார்கள். 21 வயதுவரை அவன் அந்தக் கடையை விட்டு நகரக் கூடாது! ஒப்பந்தக் கூலி என்றால் என்ன என்பதை நம் பாட்டன்மார் பட்டறிந்தவர்கள். விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1824-ல் ஆண்ட்ரூவும் அண்ணனும் ஓடிப்போனார்கள். பிடித்துக் கொடுப்போருக்குப் பத்து டாலர் வெகுமதி என்று முதலாளி பத்திரிகையில் விளம்பரம் செய்தார்.

1826-ல் ஆண்ட்ரூ டென்னசி மாநிலத்துக் கிரீன்வில் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். அங்கேதான் எலைசா இருந்தார். 1810-ல் பிறந்த அவரும் தகப்பனை இழந்தவரே. தாயும் மகளும் ஒட்டுத்துணிப் போர்வை தைத்து வயிறு வளர்த்தார்கள். ஆனாலும் அந்தப் பெண்ணுக்குப் படிப்பு இருந்தது. 1827 மே 17-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. மணமகனுக்கு வயது 18, மணமகளுக்கு 16. முன்பக்கம் தையற்கடை, பின்பக்கம் குடித்தனம்.

கணவனுக்கு அரிச்சுவடியிலிருந்து கற்றுக் கொடுத்தவரே எலைசாதான் என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. ராலே கடையில் தொழிலாளர் ஊசி பிடித்திருக்கும்போது ஒருவர் வந்து சொற்பொழிவு நூலை வாசித்துக் காட்டுவார். அதைக் கேட்ட ஆவலால் ஆண்ட்ரூ எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தார். எழுதவும் கணக்குப் போடவும் சொல்லிக் கொடுத்தவர் எலைசா. கணவர் தைத்துக்கொண்டிருப்பார், மனைவி பக்கத்தில் அமர்ந்து வாசிப்பார். வேலையும் நிற்கவில்லை, படிப்பும் நிற்கவில்லை. தன்னைவிட இளைய மனைவியிடம் பாடம் கேட்க அந்த ஆண்மகன் வெட்கப்படவில்லை. நம்மில் எத்தனை ஆண்கள் அதற்கு உடன்படுவோம்?

1829-ல் அவர் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் மேயரானார், 1843-ல் காங்கிரஸ் உறுப்பினர், 1853-ல் மாநில கவர்னர், 1857-ல் செனட்டர். அவர் மேடையில் முழங்கிய காலமெல்லாம் ஐந்து பிள்ளைகளையும் வீட்டின் வரவு செலவையும் கவனித்தவர் எலைசா. காசநோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்தது.

1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலங்கள் பிரிந்தன; ஜான்சன் ஒன்றியத்தின் பக்கம் நின்றார். அதற்குரிய தண்டனை குடும்பத்தின்மேல் விழுந்தது. 36 மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்று 1862-ல் நோயாளியான அம்மையாருக்குத் தென்தரப்பு உத்தரவிட்டது. அப்போது அவரால் நகர முடியவில்லை. அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் பிள்ளைகளோடு போர்முனையைக் கடந்து, நாஷ்வில் நகரில் இருந்த கணவரிடம் சேர்ந்தார். அடுத்த ஆண்டே மூத்த மகன் சார்ல்ஸ் குதிரையிலிருந்து விழுந்து மாண்டான்.

1865 ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டு இறந்ததும், துணை ஜனாதிபதியாயிருந்த ஜான்சன் ஜனாதிபதியானார். வெள்ளை மாளிகையில் விருந்துகளை மூத்த மகள் மார்த்தா நடத்தினார். எலைசா மாடியில் தம் அறையிலேயே இருந்து, பத்திரிகைகளைப் படித்துச் செய்திகளைக் கத்தரித்து வைப்பார். நல்ல செய்திகளை இரவிலும் கசப்பானவற்றை மறுநாள் காலையிலும் கணவரிடம் காட்டுவார் என்று சொல்வார்கள். 1868-ல் ஜனாதிபதியைப் பதவி நீக்க செனட்டில் விசாரணை நடந்தது. நீக்க வேண்டும் என்று 35 பேரும், வேண்டாம் என்று 19 பேரும் வாக்களித்தனர். ஒரே ஒரு வாக்குக் குறைந்ததால் பதவி தப்பியது.

தோழர்களே, இத்துடன் நிறுத்திக்கொண்டால் கதை இனிக்கும். ஆனால் உண்மையை மறைக்கலாகாது. ஒப்பந்தத்தை உடைத்து ஓடிய அந்தப் பையன், வசதி வந்த பிறகு அடிமைகளை விலைக்கு வாங்கினார். 1863-ல்தான் அவர்களை விடுவித்தார். 1866-ல், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு உதவி நல்கும் மசோதாவையும் குடியுரிமை தரும் மசோதாவையும் ஜனாதிபதி என்ற முறையில் நிராகரித்தார். காங்கிரஸ் அவரை மீறித்தான் குடியுரிமை மசோதாவைச் சட்டமாக்கியது. தாம் கட்டுண்டு கிடந்ததை அவர் மறந்தாரா, அல்லது அந்த நினைவு தம் நிறத்தாருக்கு மட்டும் உரியது என்று எண்ணினாரா?

இந்த வாழ்விலிருந்து நாம் இரண்டு பாடம் எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் பெற்ற படிப்பு ஒரு வீட்டையே தூக்கி நிறுத்தும். ஆகவே, பெண்பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று எந்த வீட்டிலும் சொல்லாதீர்கள். இரண்டாவது: எழுத்தும் கணக்கும் ஒருவனை உயர்த்தும், ஆனால் கீழே நிற்பவனுக்குக் கை கொடுக்க அவை மட்டும் கற்றுத் தரமாட்டா. அதைக் கற்றுத் தரும் இடம் சங்கம். நம்மைவிடத் தாழ்ந்த கூலிக்கு வேலை செய்பவன் எந்த நாட்டான், எந்த இனத்தான் ஆனாலும், அவனுக்கும் சேர்த்துப் பேசுவதுதான் சங்கம்.

கணவர் 1875 ஜூலையில் மறைந்தார். ஆறு மாதத்திற்குள், 1876 ஜனவரி 15-ல், எலைசா அம்மையாரும் கண் மூடினார். அந்தத் தையற்கடையை இன்றும் கிரீன்வில்லில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஜனாதிபதியின் கடை என்று அதைச் சொல்கிறார்கள். நாம் அதை எலைசாவின் பள்ளிக்கூடம் என்று சொல்வோம்.