நிழல்தான் எங்கள் முதல்

(பொங்கல் விழாவில் நம் குடியிருப்பில் தங்கியிருக்கும் ஓர் அம்மா பேசியதன் எழுத்து வடிவம்)

பி பிளாக்கில் என் மகள் வீட்டுக்குத் துணையாக வந்திருப்பவள் நான். "உங்கள் தொழில் அனுபவத்தைப் பத்து நிமிடம் பேசுங்கள் அம்மா" என்று செயலாளர் தம்பி கேட்டார். என் தொழில் கரும்புச்சாறு கடை. சேத்தியாத்தோப்பில், சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் சாலை ஓரத்தில், நானும் என் வீட்டுக்காரரும் 26 வருடம் நடத்தினோம்.

எங்கள் ஊர் வெள்ளாற்றங்கரை. பக்கத்திலேயே சோழர் காலத்து வீராணம் ஏரி. 2004 முதல் அந்தத் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடிவந்து சென்னைக்குக் கிடைக்கிறது. எங்கள் ஏரித் தண்ணீரைக் குடிக்கிற நீங்களும் எங்களுக்குப் பாதி சம்பந்திதான்!

சர்க்கரை ஆலை இருப்பதால் எங்கள் பக்கம் கரும்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெட்டிய கரும்பு நாளுக்கு நாள் இனிப்பு இறங்கும். பிழிந்த சாறோ கொஞ்ச நேரத்திலேயே கறுத்துவிடும். அன்றைக்கு வாங்கியது அன்றைக்கே தீர வேண்டும். அதனால் விடியற்காலையில் எத்தனை கட்டு வாங்குவது என்பதில்தான் எங்கள் வீட்டுச் சண்டையே. அவர் வானத்தைப் பார்ப்பார். ஐப்பசி, கார்த்திகையில் கீழ்க்காற்று சில்லென்று அடித்தால் "ஒரு கட்டு போதும்" என்பார். நான் காலண்டரைப் பார்ப்பேன். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம் என்றால் பஸ் நிறைய ஜனம் வரும், நாலு கட்டு வாங்குங்கள் என்பேன். இரண்டு பேர் கணக்கும் சேர்ந்த நாட்களில் சக்கை மட்டும்தான் மிஞ்சும். அதுவும் காய்ந்து எங்கள் அடுப்புக்குப் போய்விடும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. எங்கள் கொட்டகையின் தகரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மெஷின் கவிழ்ந்து கிடந்தது. அவர் கடன் வாங்கி, தளம் போட்டு, ஃபிரிட்ஜ் வைத்துப் பெரிய கடையாகக் கட்டலாம் என்றார்.

எங்களுக்குக் கரும்பு தரும் விவசாயி அப்போது மறுதாம்பு விடுவதற்குக் கட்டை சீவிக்கொண்டிருந்தார். மண்ணோடு மண்ணாகச் சீவினார். ஏன் இவ்வளவு அடியில் என்று கேட்டேன். "மேலே கட்டையை விட்டா மேல்கணுவுல முளைக்கும்மா. அதுக்கு மண்ணுல வேர் பிடிக்காது, காத்துக்குச் சாஞ்சிடும்" என்றார். வீட்டுக்கு வந்து, "பெரிய கடை வேண்டாம், மெஷினை மட்டும் சரிசெய்யுங்கள்" என்று தோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். நான்கு மாதத்தில் தோடு திரும்பிவந்தது. அவருக்கு அந்த ஃபிரிட்ஜ் ஆசை மட்டும் கடைசிவரை போகவில்லை.

எங்களுக்கு உண்மையான கட்டடம் ஒரு புளியமரம். நம்பர் எழுதிய பழைய சாலைமரம். வண்டியில் வருகிறவர்கள் தாகத்துக்கு நிறுத்துகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தோம். சாலையை அகலப்படுத்த அந்த மரத்தை வெட்டிய பிறகுதான் தெரிந்தது, அவர்கள் நிறுத்தியது நிழலுக்காக. நிழலில் நின்றதால் தாகம் எடுத்தது. அதே சாறு, அதே இஞ்சி, எலுமிச்சை. நீல தார்ப்பாய் கட்டினோம். அதன் அடியில் நின்றால் தலை காயும். வியாபாரம் பாதிகூட இல்லை. இரண்டு வருடம் பார்த்துவிட்டு மெஷினைக் கொழுந்தனார் மகனுக்குக் கொடுத்துவிட்டோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சி பிளாக் பின்னால் இருக்கும் இரண்டு தூங்குமூஞ்சி மரங்களை எடுத்துவிட்டு ஆறு கார் நிறுத்த இடம் செய்வது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறீர்களாம். தினமும் நான் நடக்கும்போது பார்க்கிறேன். இஸ்திரி வண்டிக்காரர் காலை எட்டு மணியிலிருந்து அங்கேதான் நிற்கிறார். கரிப்பெட்டிச் சூட்டோடு வெயிலும் சேர்ந்தால் அவர் எவ்வளவு நேரம் நிற்பார்? பார்சல் கொண்டுவரும் பிள்ளைகள் இரண்டு நிமிடம் மூச்சு வாங்குவதும் அங்கேதான்.

கிளை முறிந்து கார்மேல் விழும் என்ற பயம் நியாயம். ஆவணியிலேயே, மழைக்கு முன்னால், கனத்த கிளைகளை ஆள் வைத்துக் கழித்துவிடலாம். எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வோம்.

எனக்கு இங்கே ஓட்டு இல்லை. என் மகளுக்கு இருக்கிறது. கேட்டுப் பார்த்தேன். இன்னும் பதில் சொல்லவில்லை. அவளிடமும் ஒரு கார் இருக்கிறது.