பெங்களூரு இன்னும் பல அணிகளைத் தாங்குமா?

பெங்களூரில் முற்காலத்தில் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை நிறுவனங்களே கால்பந்து அணிகளைப் பேணின. ஆட்டக்காரருக்கு வேலையும் கிடைத்தது. பின்னர் 2008-இல் கிரிக்கெட், 2013-இல் கால்பந்து, 2014-இல் கபடி எனத் தனியார் தொழில்முறை அணிகள் தோன்றின. இவற்றைக் காண மக்கள் திரண்டனர். ஆகவே பார்வையாளருக்குக் குறைவில்லை, தட்டுப்பாடு இடத்திற்கே. கண்டீரவா மைதானம் ஒன்றையே கால்பந்தும் தடகளமும் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. 2025 ஜூன் 4 அன்று, கிரிக்கெட் வெற்றி விழாவின்போது, சின்னசாமி மைதானத்தின் வெளியே நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். எனவே மைதானம், போக்குவரத்து, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு வழிசெய்த பின்னரே புதிய அணிகளுக்கு இடமளித்தல் வேண்டும். ஒக்கலிபுரம் போன்ற நெருக்கமிகுந்த பகுதிகளின் சிறுவர்களுக்கும் அத்திட்டத்தில் ஆடுகளம் அமைதல் இன்றியமையாதது.