தரகுக் கூலியை முன்பே பேசுவோம்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் இமாம் ஆற்றிய உரை)

 

நம் அம்மையார்குப்பத்தில், சில ஆண்டுகளுக்கு முன், மகளின் நிக்காஹுக்காகத் தம் மனையை விற்க முன்வந்த நெசவாளர் ஒருவருக்குத் தரகரை அறிமுகம் செய்தவன் நானே. விற்பவரிடம் 6 இலட்சம் என்றும், வாங்குபவரிடம் ஆறரை இலட்சம் என்றும் கூறிய அவர், இரு தரப்பிலும் கமிஷனும் பேசியிருந்தார். பத்திரப் பதிவன்று உண்மை வெளிப்பட்டது. பேரம் முறிந்தது, நிக்காஹ் நான்கு மாதம் தள்ளிப்போயிற்று. அந்த மனவேதனையே இன்று என்னைப் பேசச் செய்கிறது.

தரகு இழிந்த தொழிலன்று. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஹதீஸ் தொகுப்பில் தரகர் கூலிக்கெனத் தனித் தலைப்பே அமைத்துள்ளார்கள். குறித்த விலைக்கு மேல் கிடைப்பதை நீரே எடுத்துக்கொள்ளும் என உரிமையாளர் சொல்லிக் கொடுத்தால் குற்றமில்லை என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்து. கூலியின் அளவு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்போர் பலர். இரண்டிலும், உரிமையாளருக்கு மறைத்து எடுப்பதற்கு இடமில்லை.

நாட்டுச் சட்டமும் ஓரளவு துணைநிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவுபெற்ற மனைப்பிரிவுகளையும் அடுக்குமாடிகளையும் விற்றுத்தரும் தரகர் தாமும் பதிவு பெற வேண்டும்; மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் உண்டு. ஆனால் கமிஷன் இத்தனை விழுக்காடு என்று அச்சட்டம் வரையறுக்கவில்லை. வழக்கத்திலுள்ள ஒன்று, இரண்டு விழுக்காடு என்பது பேசித் தீர்மானிக்கத் தக்கதே. தனிமனிதர் தம் பழைய வீட்டை விற்பது போன்றவை அச்சட்டத்தின் வரம்பில் பெரும்பாலும் வருவதில்லை. அங்கே நம் நாணயமே காவல்.

அமெரிக்காவில், ஒரு வழக்கின் சமரசத்தையொட்டி, 2024 ஆகஸ்ட் முதல் புதுவழக்கம் வந்துள்ளது. வீட்டைக் காட்டுமுன்னரே, வாங்குபவருடன் தரகர் தம் கூலியை எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும். அது பேசி முடிவு செய்யத் தக்கது என்பதையும் தெரிவிக்க வேண்டும்.

ஆகவே, கூலி எவ்வளவு, தருபவர் யார், தரும் நாள் எது, மறுதரப்பிலும் பெறுகிறாரா என்பவற்றை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். விலை பேசும்போது விற்பவரும் வாங்குபவரும் நேரில் அமருங்கள். தரகரின் உழைப்பால் இடத்தைக் கண்டபின் அவரை விலக்கிவிட்டு முடிப்பதும் மோசடியே. பேசிய கூலியைத் தாமதமின்றிக் கொடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.