கீழாநெல்லியும் ரத்தப் பரிசோதனையும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால் இரண்டே செடிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாவது ஆடாதொடை. ஆடுகூடத் தொடாத கசப்பு என்பார்கள். இருமலுக்கு நம்ம பாட்டிமார்கள் கஷாயம் வைத்துக் கொடுத்த இலை. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டுதான் பிரோம்ஹெக்சின் என்ற மருந்து உருவானது. சளியை இளக்க டாக்டர் எழுதித் தரும் பல சிரப்புகளில் அது இருக்கிறது. ஆகவே பாட்டி வைத்தியமா, இங்கிலீஷ் வைத்தியமா என்று பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை.

இரண்டாவது கீழாநெல்லி. 1988-இல் சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும் சகாக்களும், ஹெபடைடிஸ்-பி ஆராய்ச்சிக்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளும்பர்க்குடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில், 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. ஆனால் பிற்பாடு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? மஞ்சள் காமாலை ஒரு நோயல்ல, அடையாளம். அசுத்தத் தண்ணீரால் வரும் ஏ வகைக் காமாலை பெரும்பாலும் தானே சரியாகிவிடும். பெயர் மட்டும் இலைக்குப் போகும். அதே மஞ்சள் நிறம் பித்த நாளத்துக் கல்லாலும் வரும், பி வகைக் கிருமியாலும் வரும், குடியால் கெட்ட ஈரலாலும் வரும். அங்கே இலையை அரைத்துக் குடித்துக்கொண்டு ஒரு மாசம் காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை. கஷாயம் குடித்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லணும். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போடணும். அதற்கு ஈடாக எந்த இலையும் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீழாநெல்லி போலவே இருக்கும் செடிகள் பல உண்டு. பார்த்தவுடன் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நம் கல்லூரி வளாகத்தில் ஒரு மூலிகைப் பாத்தி போடுங்கள். ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப் பலகை வையுங்கள். செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.