வலிப்பு வந்தால் வகுப்பறையில் என்ன செய்வது?

(தஞ்சாவூரில் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



வலிப்பு நோய் குறித்துப் பயிற்சி அளிக்கத் திருவையாறு, பாபநாசம், ஒரத்தநாடு என்று ஊர் ஊராகப் போய் வருகிறேன். எங்கும் முதலில் வரும் கேள்வி, "கையில் இரும்புச் சாவி கொடுக்கலாமா?" என்பதுதான். வேண்டாம். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். சாவியால் நின்றதாக நமக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

அருகிலுள்ள பெஞ்சுகளை நகர்த்துங்கள். தலைக்கடியில் துணியை மடித்து வையுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாயில் கரண்டியோ தண்ணீரோ கூடாது. உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

பாடத்தின் நடுவே சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீள்வதும் வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். அடிக்கடி நடந்தால், கவனமில்லை என்று கண்டிக்காமல் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

நம் பகுதிக்கு ஓர் எச்சரிக்கை. மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் இக்குழந்தைகள் தனியே குளிக்கப் போகக் கூடாது. முழங்காலளவு நீரும் ஆபத்துதான்.

வெளியே தெரிந்தால் கல்யாணம் நடக்காது என்று அஞ்சிப் பெண் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள்: திருமணத்துக்குத் தடையாக இந்துத் திருமணச் சட்டத்தில் இருந்த 'வலிப்பு' என்ற சொல் 1999-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. முறையாக மாத்திரை சாப்பிட்டால் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பிள்ளையின் இடம் வகுப்பறைதான். அதை அவளுக்குக் காத்துக் கொடுப்பது நம் பொறுப்பு.